ஆஃப்சைடு விஷயமாக மச்சானுக்கு

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் தங்கள் தங்கையும் உடல்நலத்தோடு இருக்கிறோம். மற்ற நலங்களைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். தங்களுக்கு இரத்த அழுத்தம் நூற்று முப்பதுக்கு எண்பது என்றும், இடது முழங்கால் படி ஏறும்போது மட்டும் வலிக்கிறது என்றும், புது மூக்குக்கண்ணாடி இன்னும் பழகவில்லை என்றும் அறிந்து ஒரு பக்கம் மகிழ்ச்சியும் மறு பக்கம் கவலையும் அடைந்தேன். இவையெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். தங்கள் தங்கை தினமும் மாலை ஐந்து மணிக்குத் துணி எடுக்கப் போகிறேன் என்று மொட்டை மாடிக்குப் போய், துணியே காயப்போடாத நாளிலும் முக்கால் மணி நேரம் தங்களோடு போனில் பேசிவிட்டு வருகிறாள். நான் மாடிப்படியில் ஏழாவது படியில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன். எட்டாவது படிக்குப் போனால் நிழல் விழும்.

நாம் இருவரும் முகம் பார்த்துப் பேசிப் பதினொரு மாதமும் மூன்று வாரமும் ஆகின்றன. நடுவில் இரண்டு சந்தர்ப்பங்கள் வாய்த்தன, இரண்டையும் பாழாக்கிக்கொண்டோம். என்னிடம் வாங்கிப்போன ஏணியைத் திருப்பித் தர வந்த தாங்கள், மணியை அழுத்தாமல், ஏணியை வாசல் கதவின் மேலேயே சாத்திவிட்டுப் போய்விட்டீர்கள். அது வெளிப்பக்கம் திறக்கும் கதவு என்று தங்களுக்குத் தெரியும், ஏனென்றால் அதை மாட்டும்போது கூட நின்று மேற்பார்வை பார்த்தது தாங்கள்தான். நான் பின்பக்கச் சுவரில் ஏறிக் குதித்துச் சுற்றி வந்து அந்த ஏணியை எடுத்தேன். சுவர் ஏறும்போது ஓர் ஏணி இருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்தது பல் டாக்டர். தங்களுக்கு வலது கன்னம் வீங்கியிருந்தது, எனக்கு இடது. ஒரே பெஞ்சில், ஒரே செய்தித்தாளின் இரண்டு தாள்களை ஆளுக்கொன்றாகப் பிடித்து முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். டோக்கன் கொடுக்கும் பெண் வந்து, "ரெண்டு பேரும் ஒண்ணா வந்தீங்களா?" என்று கேட்டாள். "இல்லம்மா, அவர் எதிரணி" என்றீர்கள். அந்த வீங்கின வாயிலிருந்து அந்தச் சொல் அவ்வளவு தெளிவாக வந்ததைக் கண்டு எனக்கே மலைப்பாக இருந்தது. (இனிமேல் 'தாங்கள்' வேண்டாம் மச்சான். விரலும் வலிக்கிறது, மனசும் ஒட்டவில்லை.)

போன வருஷம் மேடையில் நான் சொன்ன ஒரு சொல்லால் வந்த சண்டை இது. அந்தச் சொல்லுக்கு வருவதற்கு முன்னால், பன்னிரண்டு வருஷமாக நான் விழுங்கி வைத்திருக்கும் இன்னொரு சொல்லை வெளியே எடுத்தாக வேண்டும். 'பாரம்பரிய' என்பது அந்தச் சொல்.

வருகிற சனிக்கிழமை எங்கள் மேட்டுக் கல்லூரிக்கும் உங்கள் கரைக் கல்லூரிக்கும் ஐம்பதாவது பாரம்பரியக் கால்பந்தாட்டப் போட்டி நடக்கப்போகிறது. பொன்விழா. வளைவு கட்டியாயிற்று. மச்சான், அது ஐம்பதாவது போட்டி இல்லை. பதின்மூன்றாவது. இதைத் தாளில் எழுதியே விட்டேன்.

நடந்தது இதுதான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் எங்கள் கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தேன் அல்லவா, அப்போது விளையாட்டு ஆசிரியர் வந்து ஒரு நோட்டீஸ் அடிக்க வேண்டும் என்றார். அதுதான், கல்யாண வீட்டுக்குக்கூடக் கழுத்தில் ஊதலோடு வருவாரே, பையன்கள் 'விசில்' என்று பெயர் வைத்தார்களே, அவர். கரைக் கல்லூரியோடு சனிக்கிழமை நாலு மணிக்குக் கால்பந்து, அவ்வளவுதான் விஷயம். அதுவரைக்கும் இரண்டு கல்லூரியும் எதிரெதிரே நின்று ஒரு கோலிகூட விளையாடியது கிடையாது. நான் எழுதிக் கொடுத்ததை அச்சகத்துக்காரர் கோத்துப் பார்த்துவிட்டு, "முதல் வரி மொட்டையா இருக்கு சார், ஆறு எழுத்துக்கு எடம் காலியா கெடக்கு, எதையாவது போடுங்க" என்று போன் செய்தார். 'சிறப்பு' என்பதை ஏற்கனவே கீழே போட்டாயிற்று. 'மாபெரும்' என்று போடக் கூடாது என்பது அப்போதைய முதல்வரின் உத்தரவு, ஏனென்றால் மைதானத்தில் நாலே பெஞ்சுதான் இருந்தது. 'நட்புறவு' என்று போட்டால் ஒருத்தனும் வரமாட்டான் என்றார் விசில். அப்போது என் வாயில் வந்ததுதான் 'பாரம்பரிய'. எண்ணிப் பாருங்கள், சரியாக ஆறு எழுத்து. ஏழாவதாக வந்த ஒற்றெழுத்தை அச்சகத்துக்காரர் எப்படியோ இடுக்கிவிட்டார்.

அதோடு போயிருந்தால் ஒன்றுமில்லை. தலைமை தாங்க ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை அழைத்திருந்தோம். அவர் காரிலிருந்து இறங்கியதும் நோட்டீசைப் பார்த்துவிட்டு, "பாரம்பரியம்னு போட்டிருக்கே, இது எத்தனாவது வருஷம்?" என்று என்னைக் கேட்டார். நீதிபதி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? அன்றைக்கு உங்கள் பிறந்தநாள். காலையில் உங்களுக்கு ஒரு சட்டை வாங்கி, அந்தப் பையைக் கையிலேயே வைத்திருந்தேன். கண்ணில் பட்டது அளவுச்சீட்டு. "முப்பத்தெட்டு, ஐயா" என்றேன். (இப்போது உங்களுக்கு நாற்பத்திரண்டு. அப்போது மெலிவாக இருந்தீர்கள்.) நீதிபதி மேடையேறி, முப்பத்தெட்டு வருஷ வீரப் போரைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். முதல் போட்டியைத் தானே மைதானத்து மரத்தின் மேலேறிப் பார்த்ததாகவும், கிளை முறிந்ததாகவும் சொன்னார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த வருஷம் அவருக்கு முப்பத்திரண்டு வயது, அதாவது வக்கீல் கோட்டோடு மரம் ஏறியிருக்க வேண்டும். ஆனால் கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று.

ஆட்டம் முடிந்து உங்கள் பையன்கள் ஜெயித்தபோதுதான் கோப்பை வாங்க மறந்துவிட்டோம் என்று தெரிந்தது. விசில் ஓடிப்போய் என் மேஜை மேலிருந்த தேநீர் ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே பாதி தேநீர் இருந்தது. நீதிபதி அதையே வழங்கினார், உங்கள் கேப்டன் முத்தமிட்டு வாங்கினான், வாங்கின வேகத்தில் சட்டையெல்லாம் தேநீர். அதனால்தான் மச்சான், இன்றைக்கும் ஜெயித்த கேப்டன் தலையில் தேநீர் ஊற்றுகிறார்கள். அந்த ஃபிளாஸ்க்கில் ஒரு நெளிவு இருக்கிறதே, இருபதாவது போட்டியில் பந்து பட்டு நெளிந்தது என்று கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே எழுதி வைத்திருக்கிறார்களே, அது என் கையிலிருந்து பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் விழுந்த நெளிவு. இருபதாவது போட்டி என்று ஒன்று நடக்கவே இல்லை.

அடுத்த வருஷம் முப்பத்தொன்பதாவது போட்டி என்று நோட்டீஸ் அடித்தோம். நான் திருத்த நினைத்தேன், சத்தியமாக. ஆனால் அதற்குள் உங்கள் கல்லூரியிலிருந்து ஆட்சேபக் கடிதம் வந்துவிட்டது. போட்டியே இல்லை என்று எழுதுவார்கள், தப்பித்தோம் என்று நினைத்துப் பிரித்தால், தங்கள் பதிவேட்டின்படி இது நாற்பத்தோராவது என்று எழுதியிருந்தார்கள். இரண்டு கல்லூரிக்கும் சேர்த்து ஆறு பேர் கொண்ட குழு போட்டு, மூன்று முறை கூடி, பிஸ்கட் தின்று, முப்பத்தொன்பதே சரி என்று தீர்மானம் போட்டோம். அந்தக் குழுவில், நீங்கள் வேலை பார்த்த கரைக் கல்லூரி ரசாயன ஆய்வகத்தின் சார்பில் நீங்களும் இருந்தீர்கள். தீர்மானத்தின் கீழே உங்கள் கையெழுத்து முதலாவது, என்னுடையது இரண்டாவது. அன்றைக்கு நீங்களும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று இப்போது யோசிக்கிறேன்.

பிறகு அது என் கையை மீறிப் போய்விட்டது. மேட்டுக் கல்லூரியின் முதல் எழுத்தே 'மே' என்பதால் எங்கள் ஆட்களைப் பார்த்து உங்கள் பையன்கள் ஆடு மாதிரிக் கத்த, கரையின் முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டு எங்கள் பையன்கள் தவளை மாதிரிக் 'கர் கர்' என்று பதில் சொல்ல, இரண்டும் பாட்டாகிவிட்டன. போட்டிக்கு முந்தின நாள் விடியற்காலையில் உங்கள் பையன்கள் வந்து எங்கள் வாயிற்கதவுக்குப் பச்சை அடிப்பதும், எங்கள் பையன்கள் துரத்துவதும் வழக்கமாயிற்று. ஒரு வருஷம் பரீட்சை நெருக்கத்தில் உங்கள் ஆட்கள் மறந்துவிட்டார்கள். மணி ஏழாயிற்று, யாரையும் காணோம். விசில் உங்கள் விடுதிக்குப் போன் போட்டு, "என்னப்பா இன்னும் வரலயே, எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கோம், ஒடம்பு கிடம்பு சரியில்லயா" என்று கேட்டார். அவர்கள் அவசரமாக வந்தபோது பச்சைச் சாயத்தைக் கொண்டுவர மறந்திருந்தார்கள். எங்கள் கிடங்கிலிருந்து கொடுத்தோம். பிறகு முறைப்படி துரத்தினோம்.

இப்படி எல்லாரும் நினைவுகூர ஆரம்பித்தார்கள். பழைய மாணவர்கள் கை உயர்த்தி, பதினோராவது போட்டியில் கால் முறிந்தது எனக்குத்தான், பதினாறாவதில் நடுவரைக் கிணற்றில் தள்ளப் பார்த்தது நாங்கள்தான் என்று சொல்லிக்கொண்டார்கள். எனக்கு அதில் ஒரு குறும்பான சந்தோஷம் இருந்தது மச்சான், அதை மறைக்கப் போவதில்லை. நாலு பேர் கூடி நின்று பழம்பெருமை பேசும்போது, நான் ஓரமாக நின்று, இது என் ஆறு எழுத்து என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

இனி போன வருஷத்து மேடை. கரைக் கல்லூரியின் பழைய மாணவர்கள் சார்பில் உங்களைப் பேச அழைத்தார்கள். நீங்கள் ஒலிபெருக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நாலாவது போட்டியைச் சொன்னீர்கள். "கடைசி நிமிஷம். பந்து என் கால்ல பட்டதே தெரியல. நிமிந்து பாத்தா வலை ஆடுது. அவ்வளவுதான் எனக்கு ஞாபகம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். மைதானமே எழுந்து நின்றது. உங்கள் தங்கை என் பக்கத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாலாவது போட்டி நடக்கவில்லை என்பது உலகத்தில் எவனுக்கும் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் கணக்குப்படி நாலாவது போட்டி நடந்திருக்க வேண்டிய வருஷம் நான் மேட்டுக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவன், உங்கள் பையன்கள் என்னைப் பார்த்து 'மே' என்று ஒரே குரலில் கத்துகிறார்கள், அடுத்துப் பேச என்னை அழைக்கிறார்கள். மேடையேறினேன். "மச்சான் போட்டது நல்ல கோல்தான். அன்னிக்கு கோல்கீப்பர் நான். என் கண்ணால பாத்தேன். ஆனா அது ஆஃப்சைடு, கணக்குல சேராது" என்றேன்.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். நாலு பெஞ்சு இருந்த மைதானத்தில் இப்போது முப்பது பெஞ்சு, முப்பதும் கவிழ்ந்தன. உங்கள் முகம் மட்டும் எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது. கோபமாக இருந்திருந்தால் பரவாயில்லை. பரீட்சையில் பெயில் என்று கேட்ட முகம் அது.

இந்த வாரம் புதன்கிழமை உங்கள் மகள் வந்திருந்தாள். எங்கள் கல்லூரியில் வரலாறு நடத்துகிறவள் என்பதால் பொன்விழா மலரையும் அவளிடமே ஒப்படைத்திருக்கிறார்கள். நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, "மாமா, மொத முப்பத்தேழு வருஷத்து நோட்டீஸ் எங்க?" என்றாள்.

"கரையான் தின்னுடுச்சும்மா."

"அதே அலமாரியில வருகைப் பதிவேடு அத்தனையும் இருக்கே மாமா. அதை மட்டும் ஏன் தொடல?"

"அதுல ருசி இருக்காதும்மா. வெறும் கையெழுத்துதானே."

அவள் சிரிக்கவில்லை. உங்கள் மகள் அல்லவா. "ஆவணம் ஒண்ணுகூட இல்ல. சாட்சி மட்டும் பதினோரு பேரு இருக்காங்க, பதினோரு பேரும் ஒருத்தர் சொல்றதை ஒருத்தர் ஒத்துக்கல" என்றாள். "அது ஒண்ணுதான் நம்புற மாதிரி இருக்கு." பிறகு, அப்பா நாலாவது மேட்ச்சில் எந்த நம்பர் சட்டை போட்டிருந்தார் என்று கேட்டாள். சமையலறையிலிருந்து உங்கள் தங்கை, அடுப்பைப் பார்த்தபடியே, "ஏழு" என்றாள். அவ்வளவு நிதானமாக. உங்கள் மகள் எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

நான் சமையலறைக்குப் போய், "அந்த மேட்ச்சே நடக்கலயே, உனக்கு எப்படி நம்பர் தெரியும்?" என்றேன். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒருவரிடம் அதை வாய்விட்டுச் சொன்னேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நடக்கலேன்னு எனக்குத் தெரியாதா? எங்கண்ணன் காலேஜ்ல மூணு வருஷமும் பந்துப் பையைத்தான் தூக்கினாரு. ஒரு நாள்கூட உள்ள எறக்கல. எறக்குவாங்க எறக்குவாங்கன்னு தெனமும் நான்தான் அவர் பூட்சுக்குப் பாலிஷ் போட்டு அனுப்புவேன். சேறு படாம அப்படியே திரும்பி வரும். வயசான காலத்துல, இல்லாத மேட்ச்சுல ஒரு கோல் போட்டுட்டு சந்தோஷமா இருந்தாரு. அதுலயும் ஆஃப்சைடு கண்டுபிடிச்சீங்க நீங்க."

கரண்டியைக் கீழே வைத்தாள். சத்தம் வராமல் வைத்தாள், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மச்சான், நான் அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் பிழை திருத்தியவன். கால்புள்ளி இல்லாத கடிதத்தில் கையெழுத்துப் போடமாட்டேன். ஆனால் ஒரு மனிதர் தன் ஆசையை எழுதிக் காட்டும்போது அங்கே திருத்தம் போடக் கூடாது என்று எனக்குத் தெரியவில்லை. மன்னித்துவிடுங்கள். இதை நான் மேடையில் சொல்லவில்லை, உங்களிடம் தனியாகச் சொல்கிறேன், ஆகையால் நம்பலாம்.

ஆகவே நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். சனிக்கிழமை பொன்விழா மேடையில் எல்லா உண்மையையும் சொல்லிவிடப் போகிறேன். 'பாரம்பரிய' என்ற சொல்லை அச்சகத்தில் இடம் காலியாக இருந்ததால் போட்டது நான்தான், முப்பத்தெட்டு என்பது ஒரு சட்டை அளவு, ஃபிளாஸ்க் என்னுடையது, அதைத் திருப்பித் தரவும் வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிவிடுவேன். நாலாவது போட்டியைப் பற்றியோ உங்களைப் பற்றியோ வாய் திறக்கமாட்டேன். போட்டியே இல்லையென்று ஆனபிறகு ஆஃப்சைடும் இல்லை, நமக்குள் சண்டையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வீட்டுக்கு வந்து பழையபடி என் நாற்காலியில் உட்கார்ந்து, என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் செய்தித்தாளைப் படிக்கலாம். உங்கள் தங்கையும் மொட்டை மாடிக்குப் போகாமல் நடு வீட்டில் உட்கார்ந்தே உங்களோடு பேசலாம். என் முழங்காலுக்கும் மாடிப்படியில் உட்காருவது ஒத்துக்கொள்ளவில்லை.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். உங்கள் மகளுக்கு நோய்நொடி இல்லாமல், கேள்வி மட்டும் கொஞ்சம் குறைவாக, நீண்ட ஆயுள் கிடைக்க என் ஆசிகள். பெரியவராகிய உங்கள் வாழ்த்தை, மனம் இருந்தால், எங்கள் இருவருக்கும் அனுப்பவும். எனக்கு மட்டும் தனியாக அனுப்பினாலும் சரி.

என்றும் தங்கள் அன்புக்கு ஏங்கும்,
தங்கள் தங்கையின் கணவன்
(உண்மையைத் தவிர வேறொன்றும் அறியாதவன்)

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, உங்கள் மகளிடம் முதலில் சொல்லிவிடலாம் என்று கல்லூரிக்குப் போனேன். மைதானத்தில் பெண்கள் அணி பயிற்சி செய்துகொண்டிருந்தது. இந்த வருஷம் அவர்களும் ஆடுகிறார்கள். கோல்கீப்பர் பெண் என்னைப் பார்த்ததும் கையுறையைக் கழற்றிக்கொண்டே ஓடி வந்து, "நாலாவது மேட்ச் கோல்கீப்பர் நீங்கதானே ஐயா? இதுல ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்று பந்தை நீட்டினாள். மச்சான், முப்பத்திரண்டு வருஷம் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், ஒருத்தர்கூட ஆசையாகக் கேட்டதில்லை. போட்டுவிட்டேன். கொஞ்சம் பெரிதாகவே போட்டேன். அதைப் பார்த்த உங்கள் மகள் கண்கண்ட சாட்சியின் வாக்குமூலம் என்று ஒரு தாளைக் கொண்டுவந்து வைக்க, அதிலும் எழுதிக் கொடுத்துவிட்டேன். எனவே மேலே உள்ளதைப் படித்தவுடன் கிழித்துவிடவும். கோல் சுத்தமான கோல், ஆஃப்சைடு என்று சொன்னது என் பார்வைக் கோளாறு என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். பந்து என் இடது பக்கமாகப் போனது, நான் வலது பக்கம் பாய்ந்தேன். கேட்டால் நீங்களும் அப்படியே சொல்லுங்கள். நல்ல மழை என்று எழுதப் போனேன், உங்கள் தங்கை போனில் வேண்டாம் என்றதால் தூறலோடு நிறுத்திக்கொண்டேன். ஆகவே சனிக்கிழமை தவறாமல் வரவும், ஏழாம் எண் சட்டை ஒன்று தைக்கச் சொல்லியிருக்கிறேன், அளவு நாற்பத்திரண்டு. ஒரே ஒரு வேண்டுகோள்தான். ஐந்தாவது போட்டியில் உங்கள் பெனால்டியை நான் ஒற்றைக் கையால் தடுத்ததாக நீங்கள் மேடையில் சொல்ல வேண்டும். எந்தக் கை என்பதை ஞாயிற்றுக்கிழமை பேசி முடிவு செய்துகொள்ளலாம்.